கல்லறைக் குழியில் வெட்டிய கிணறு

சந்தியாகுபட்டியில் மரியசூசை வீடு எது என்று கேட்டால், எந்த மரியசூசை என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பேரில் ஊருக்குள் அரை டஜன் பேர் உண்டு. யூதாசு வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்.

ஆவூர்ப் பக்கத்துப் பழைய வேதக்கார ஊர் அது. உயிர்த்த ஞாயிறு வந்தால் கோயிலுக்கு முன்னால் இருக்கிற மண்மேடையில் பாஸ்கு போடுவார்கள். சேசுநாதர் பாடுபட்டு, மரித்து, உயிர்த்தெழுந்த கதை. வேசங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் இறங்கி வருவது. மோட்சத்துச் சாவியை வாங்கிய தலைமைச் சீடர் இராயப்பர் வேசம் அடைக்கலசாமி வீட்டுக்கு. சேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்குப் போட்டுக்கொண்ட யூதாசு வேசம் மரியசூசை வீட்டுக்கு. அவருடைய அப்பன் கட்டினார். அப்பனுக்குக் கால் விழுந்த பிறகு இவர்.

யூதாசு காசுப்பைக்குக் கை நீட்டும்போது ஜனம் ஏச வேண்டும். அது முறை. ஆண்கள் தூ என்பார்கள், பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள், பொடிசுகள் வேப்பங்கொட்டையால் அடிக்கும். எவ்வளவு ஏசுகிறோமோ அவ்வளவு பாவம் கழியும் என்று ஒரு நினைப்பு. மறுநாள் யாருக்கும் அவர்மேல் கோபம் கிடையாது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் குழம்பு என்று கையைக் காட்டினால், "பாத்து ஊத்துங்கப்பா, யூதாசு கை நீட்டுது" என்று எவனாவது சொல்லுவான். பந்தியே சிரிக்கும். மரியசூசையும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, யார் யார் சிரித்தது என்று மனசுக்குள் குறித்துவைத்துக்கொள்வார்.

அவர் பள்ளிக்கூடம் போனது இரண்டு வகுப்பு. எழுத்துக் கூட்டுவார். அதற்குமேல் படித்தவர்கள் யார் வந்து என்ன சொன்னாலும், இதில் நமக்கு என்ன வில்லங்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். வயசு அறுபதைத் தாண்டியும் அந்தப் புத்தி மாறவில்லை. மாறாததால் நட்டப்பட்டதும் இல்லை என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் வருசக் கோடையில், பாஸ்கு முடிந்த கையோடு, அருள்ராணி டீச்சர் அவருடைய கிணற்றடிக்கு வந்து நின்றாள். திருச்சிப் பக்கத்துப் பெண். போன பெரிய லீவு முடிந்து வேலைக்குச் சேர்ந்தவள், ஊருக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. பாஸ்கு நேரத்தில் தன் ஊருக்குப் போய்விட்டாள், அதனால் பார்த்ததில்லை. மரியசூசை மாட்டைப் பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். மாடு பின்வாங்க முரண்டு பிடித்ததால் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு நாடகம் போடுறோம். நீங்க நடிக்கிறீங்களா?"

மரியசூசை வடக்கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"யாரைக் காட்டிக்குடுக்கணும்?"

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரையும் காட்டிக்குடுக்க வேணாங்க. அப்பா வேசம்."

"குடிகார அப்பனா?"

"இல்லைங்க."

"பொண்டாட்டிய அடிக்கிறவனா?"

"நல்லவருங்க. கெணறு வெட்டுறவரு."

"நல்லவனுக்கு என்னைய எதுக்குக் கேக்குறீங்க?"

"நீங்க மாட்டை அதட்டுற சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் வருது. தெனமும் என்னால பாடம் நடத்த முடியல. இந்தக் குரல் மேடைக்கு ஆகுமேன்னு தோணுச்சு."

மரியசூசை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாட்டை ஓட்டினார். சால் நிறைந்து மேலே வந்து கொட்டியது. டீச்சர் போகவில்லை. வாய்க்கால் ஓரம் நின்று காலை நனைத்துக்கொண்டிருந்தாள். போகாமல் நிற்கிற ஆளை அவருக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

"சரி, வாரேன்" என்றார்.

வீட்டில் பெண்டாட்டி சந்தனமேரி இதைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ளைக்கு ஊரு தெரியாது. நீங்களாச்சும் சொல்லியிருக்க வேணாமா, நான் இன்னாருன்னு?"

"கேக்காததை நான் எதுக்குச் சொல்லணும்?"

"ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன, அழுதுகிட்டா இருக்கு?"

கஞ்சியைக் குடித்து முடித்தவர், கும்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒரே ஒரு தடவை அந்த மேடையில ஏறி நிக்கணும், இந்தச் சனம் என்னைய ஏசாம பாக்கணும். அம்புட்டுத்தான். அதுக்குமேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

சந்தனமேரி அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள். யூதாசு பெண்டாட்டி என்ற பேரை அவளும்தானே சுமந்துகொண்டிருந்தாள். அதிலும் இராயப்பர் வேசம் கட்டுகிற அடைக்கலசாமி அவளுடைய உடன்பிறந்த தம்பி. தம்பி மோட்சத்துச் சாவியோடு மேடையில் நிற்பான், புருசன் கயிற்றோடு நிற்பார். அவள் எந்தப் பக்கம் பார்க்க?

நாடகத்துக்கு டீச்சர் எடுத்துக்கொண்டது தெக்கத்தி எழுத்தாளர் ஒருவருடைய புத்தகங்கள். சேவுகன் என்று பேர். ராமநாதபுரத்துச் சீமையில் தண்ணீர் இல்லாத ஒரு கரிசல் ஊரில் பிறந்தவர். மெட்ராஸ் பத்திரிகைகளில் எழுதுகிறவர். டீச்சரிடம் இரண்டு புத்தகம் இருந்தது. ஒன்று கதைகள். இன்னொன்று அவரே தன் வாழ்க்கையை எழுதியது. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெஞ்சைப் போட்டு, ஒத்திகைக்கு வந்தவர்களுக்கு இரண்டையும் படித்துக் காட்டினாள்.

கதைப் புத்தகத்தில் கிணறு வெட்டுகிற ஒருவன் வருவான். வாய் ஓயாமல் பேசுவான். பாறையோடு பேசுவான், கடப்பாரையோடு பேசுவான், முதலாளி முகத்துக்கு நேராகவே பேசுவான். வாழ்க்கைப் புத்தகத்தில் சேவுகனுடைய அப்பா வருவார். அவரும் கிணறு வெட்டுகிறவர்தான். ஆனால் புத்தகம் முழுக்க அவர் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது.

கேட்டுக்கொண்டிருந்த மரியசூசை தொண்டையைச் செருமினார். "இது ரெண்டு ஆளு, டீச்சர்."

"ஆமாங்க. ஊமையை மேடையில நிறுத்தினா யாரு பாப்பாங்க? அதான் அந்த அப்பாவோட ஒடம்புல இந்தக் கதைக்காரனோட வாயை வச்சிருக்கேன்."

"ஒட்டுமா?"

"நீங்கதான் ஒட்ட வைக்கணும்."

அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ஆனால் அந்த எழுத்தாளன்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்பன் வாயைத் தொறக்காத மனுசன். அவரு வயித்துக்குள்ள பொத்தி வச்சிருந்ததையெல்லாம் மகன் புத்தகமாப் போட்டு ஊருக்கு வித்திருக்கான். எங்க ஊருல இதுக்கு வேற பேரு."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். அதற்குள் அவளுக்கு யூதாசு சங்கதி தெரிந்துவிட்டிருந்தது. "நாடகம் பாக்க அவரே வாராரு. நேருலயே கேட்டுருங்க."

"கேக்காம விடமாட்டேன்."

இன்னொரு இடத்திலும் அவருக்கும் டீச்சருக்கும் ஒட்டவில்லை. கதை இதுதான். மழை பொய்த்த வருசம். ஊரில் பெரிய முதலாளி, தன் தோட்டத்தில் கிணறு வெட்ட ஆள் வைக்கிறார். வெட்டுகிறவனும் மகனும் தாகத்தில் சாகிறார்கள். முதலாளி தன் பானையில் தண்ணீர் வைத்திருந்தும் கொடுக்கவில்லை. 'தண்ணி கண்டாத்தான் ஒனக்குத் தண்ணி' என்கிறார். கடைசியில் ஊற்று பீறிடுகிறது. முதல் செம்போடு அப்பா மேலே வருகிறார். முதலாளி கை நீட்டுகிறார்.

வாழ்க்கைப் புத்தகத்தில், அப்பா பேசாமல் செம்பை முதலாளி கையில் கொடுத்துவிடுகிறார். பக்கத்தில் நின்ற மகனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அன்றைக்கு என் அப்பாவை வெறுத்தேன் என்று எழுதியிருக்கிறார் சேவுகன். கதைப் புத்தகத்தில் அப்படி இல்லை. முதலாளி கண் முன்னாலேயே தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, நீளமாக ஒரு பேச்சுப் பேசுகிறான் கிணறு வெட்டுகிறவன். டீச்சர் நாடகத்துக்கு எடுத்தது இந்தக் கொட்டுகிற பேச்சைத்தான்.

"தண்ணிக்குச் செத்தவன் தண்ணியைக் கீழ ஊத்துவானா?" என்றார் மரியசூசை.

"அப்பத்தானே சனம் கைதட்டும்?"

"தட்டும். தட்டிட்டு, எந்தக் கிறுக்கன்டா இவன்னு பேசிக்கிட்டே வீட்டுக்குப் போகும்."

"எழுதின அவரே அப்படித்தாங்க எழுதியிருக்காரு."

"அது அவன் ஆசைப்பட்டு எழுதினது. செம்பைக் குடுத்ததுதான் நடந்தது."

டீச்சர் பென்சிலைக் கடித்தாள். "ஐயா, நீங்க சொல்றது தப்பில்ல. ஆனா ஒண்ணும் பேசாம செம்பைக் குடுத்தா, மேடைக்குப் பின்னாடி இருக்கிற எனக்கே அது என்னான்னு புரியாது. முன்னாடி இருக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்? பேச்சு இருக்கட்டும்." மரியசூசை தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மனப்பாடம் பண்ணினார். எழுத்துக் கூட்டிக் கூட்டி, கமலை இழுக்கும்போதெல்லாம் மாட்டுக்குச் சொல்லிச் சொல்லிப் படித்தார். மாடு பழகிக்கொண்டது.

விசயம் ஊருக்குத் தெரிந்ததும் பாஸ்கு சபைத் தலைவர் ஞானமணி கோயில் முற்றத்தில் ஆட்களைக் கூட்டிவிட்டார். பங்குச் சாமியாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதுசாக வந்த சாமியார், வயசு குறைவு.

"யாரும் மரியசூசையைக் குத்தம் சொல்லல" என்று ஆரம்பித்தார் ஞானமணி. அப்படி ஆரம்பித்தால் குத்தம் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? அவரு மேடையில கால் வச்சாலே நம்ம சனத்துக்கு வாயில ஏச்சுத்தான் வரும். வெளியூருல இருந்து எழுத்தாளரு வாராரு. அவரோட அப்பனை நாம தூ தூன்னு துப்புனா, நல்லாவா இருக்கும்?"

"வேசத்தை மாத்திக் குடுங்க" என்றான் ஒருவன். "அடைக்கலசாமி அப்பாவா வரட்டும். அவரு மொகத்தைப் பாத்தாலே கும்பிடத் தோணும். முதலாளி வேசத்தை மரியசூசை கட்டட்டும். ஏசுனாலும் பொருந்தும்."

அடைக்கலசாமி வேட்டி நுனியைத் தட்டிவிட்டுக்கொண்டு அடக்கமாகச் சிரித்தான். நாடகத்தில் அவனுக்கு முதலாளி வேசம் கொடுத்திருந்தது அவனுக்குப் பிடிக்கவே இல்லை. "மச்சான் சம்மதிச்சா எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பா பேச்சும் எனக்கு மனப்பாடந்தான்."

"எப்ப படிச்சே மாப்ளே?" என்றார் மரியசூசை.

"சும்மா கேட்டுக்கிட்டிருந்ததுல வந்துருச்சு, மச்சான்."

"சும்மா கேட்டா நமக்கு வேதமே வரல, ஒனக்கு நாடகம் வந்துருச்சு."

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சாமியார் ஒரு தீர்ப்புச் சொன்னார். மரியசூசை முதலில் வரட்டும். ஜனம் ஏச ஆரம்பித்து, கிணற்றுக் காட்சி முடிகிறவரைக்கும் அடங்கவில்லை என்றால் படுதாவைப் போட்டுவிட வேண்டியது. அடைக்கலசாமி தலைப்பாகையை மாற்றிக்கொண்டு அப்பாவாக வருவான், மிச்ச நாடகத்தை அவன் முடிப்பான். மரியசூசை முதலாளி சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும்.

"சம்மதமா?" என்று கேட்டார் ஞானமணி.

"இல்லேன்னா விடப்போறீங்களாக்கும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோய்விட்டார் மரியசூசை.

நாடகத்துக்கு முந்தின நாள் மேடையைப் பார்க்கப் போனபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. மேடை நடுவில் பலகை போட்டு மூடிய குழி ஒன்று உண்டு. ஆள் முங்கும் ஆழம். பாஸ்கில் அதுதான் சேசுநாதருடைய கல்லறை. உயிர்த்த ஞாயிறன்று அதற்குள்ளிருந்துதான் சேசு வேசக்காரர் எழுந்து வருவார். தலை தெரிந்ததும் கீரனூர் வீரய்யா மேளத்தில் இடி இடிக்கும், கோயில் மணி அடிக்கும், வேட்டு வெடிக்கும், ஜனம் அத்தனையும் எழுந்து நிற்கும். மற்ற வேசக்காரர்கள் அந்தப் பலகையை மிதிக்கக்கூட மாட்டார்கள். டீச்சர் அந்தக் குழியைத்தான் கிணறாக எழுதி வைத்திருந்தாள். சாமியாரிடம் கேட்டிருக்கிறாள். அவரும் மண்குழிதானே, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

மரியசூசை குழிக்கு எட்ட நின்றார். "டீச்சர், நான் இதுல எறங்கப்படாது."

"ஏன்?"

"யூதாசு இந்தப் பக்கமே வரமாட்டான். அவனுக்கு அங்கிட்டு மரம், கயிறு. அதோட சரி. எங்கப்பனும் எறங்கினதில்ல, நானும் எறங்கினதில்ல."

டீச்சர் குழியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யூதாசு எறங்க வேணாங்க. மரியசூசை எறங்கலாமுல்ல?"

அவர் குழிக்குக் கிட்டே போனார். பலகையை ஒற்றைக் கையால் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். வெறும் மண்தான். ஓரத்தில் ஓணான் ஒன்று இருந்தது.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் நாடகம். ஆவூரில் இருந்தும், சுற்றுப்பட்டிகளில் இருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எழுத்தாளர் சேவுகன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கட்டையான மனிதர், கசங்கிய சட்டை. சாமியார் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். மரியசூசை படுதா இடுக்கு வழியாகப் பார்த்து, இவனா, என்று மட்டும் சொன்னார்.

படுதா விலகியது. அடைக்கலசாமி முதலாளியாக வந்து நின்றான். ஜரிகைத் துண்டு, கையில் பிரம்பு. ஜனம் அவனைப் பார்த்ததும் பழக்கத்தில் அமைதியானது. இரண்டு கிழவிகள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு மரியசூசை கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மகனாக வந்த சவரிமுத்து பின்னால் கூடையோடு வந்தான்.

ஞானமணி சொன்னது பொய்க்கவில்லை.

"தூ" என்றது முதல் வரிசை. அது அப்படியே பின்னால் ஓடியது. யாரும் வஞ்சம் வைத்து ஏசவில்லை. வாய் தானாகப் போனது. "டேய் யூதாசு, இன்னைக்கு யாரைடா?" என்று எவனோ கத்தினான். வேப்பங்கொட்டை ஒன்று வந்து அவர் காதில் பட்டது. மரியசூசை முதல் பேச்சை ஆரம்பித்தார். 'முதலாளி, மண்ணு ஈரமா இருக்கு, கும்பிட்டு எறங்குறேன்' என்று அந்தப் பேச்சு. அவர் குரலுக்கே அது மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. அடைக்கலசாமி பதில் பேசினான். அது தெளிவாகக் கேட்டது. ஓரத்தில் ஞானமணி படுதாக் கயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

மரியசூசை ஜனத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் யூதாசு ஆகிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். கடப்பாரையை வைத்துவிட்டு, கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை மகன் கையில் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

ஏச்சு அப்படியே நின்றது. அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்பதுபோல.

"ஏத்தா, யூதாசு கல்லறைக்குள்ள எறங்குறான்" என்று ஒரு பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசை எக்கிப் பார்த்தது. என்ன ஆகுமோ என்ற பயம். மேடையில் இப்போது பிரம்போடு முதலாளியும் கயிற்றோடு மகனும் மட்டும் நின்றார்கள். பிறகு மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, கயித்தை விட்டுறாத."

முகம் இல்லை, வெறும் குரல். அந்தக் குரல் அந்த ஊரில் எல்லோரும் தினம் கேட்கிற குரல்தான், மாட்டை அதட்டுகிற குரல். ஆனால் குழிக்குள்ளிருந்து வரும்போது யாருடையது என்றே தெரியவில்லை. பாறையோடு பேசியது. பெண்டாட்டி செத்த வருசத்தைச் சொன்னது. கடப்பாரை விழுகிற சத்தம் வந்தது. மேலே மகன், "அப்பா, தாகமா இருக்கு" என்றான்.

"இருய்யா. இந்தா வந்துரும்."

முதலாளி பானையிலிருந்து தண்ணீர் மோந்து குடித்தான். மகன் கேட்டான். "தண்ணி கண்டாத்தான் ஒனக்குத் தண்ணி" என்றான் முதலாளி. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஒரு கிழவி இன்னொருத்தியிடம், "நம்ம அடைக்கலமா இப்படிப் பேசுறது?" என்றாள்.

குழிக்குள் மரியசூசை, டீச்சர் வைத்திருந்த சட்டிச் சேற்றை அள்ளித் தலையிலும் முகத்திலும் மார்பிலும் பூசிக்கொண்டார். பக்கத்தில் இருந்த குடத்திலிருந்து செம்பில் தண்ணீரை மோந்துகொண்டார். கொட்டுகிற பேச்சை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப்பார்த்தார். ஒரு வார்த்தை குறையவில்லை. "தம்பி, தூக்கு" என்றார்.

தலை மேலே வந்தது.

மேடைக்குக் கீழே ஓரமாக உட்கார்ந்திருந்தவர் வீரய்யா. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் வாசிக்க டீச்சர் அவரைக் கூப்பிட்டிருந்தாள். கிணற்றுக் காட்சியில் மேளமே கிடையாது, படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் வாலிப வயசிலிருந்து அந்தக் குழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும், அதில் தலை தெரிந்ததும் அடிப்பதும்தான் அவர் தொழில். தலை தெரிந்தது. கை அடித்துவிட்டது. மேளம் விழுந்ததும் நாயனம் தானாகச் சேர்ந்துகொண்டது. மேளச் சத்தம் கேட்டதும் கோயில்பிள்ளை மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மணி கேட்டதும் கொல்லையில் நின்ற வேட்டுக்காரன், போன உயிர்த்த ஞாயிற்றில் மிஞ்சிப்போனதைக் கொளுத்திவிட்டான்.

ஜனம் அத்தனையும் எழுந்து நின்றது. பாதிப் பேர் கையைக் குவித்துவிட்டார்கள். "அல்லேலூயா" என்று பின்னாலிருந்து ஒரு கூட்டமே பாடத் தொடங்கி, ரெண்டு அடி பாடிவிட்டுத் தடுமாறி நின்றது. மேடையில் சேசு இல்லை. சேறு பூசிய ஒரு கிழவர், இடுப்பில் கயிறும் கையில் செம்புமாக நின்றார்.

மேளம் பயந்து நின்றது. மணி இன்னும் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. சாமியார் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். டீச்சர் படுதாவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஞானமணி கையில் கயிறு இருந்தது. இழுப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை பேரும் எழுந்து நின்று தன்னையே பார்ப்பதை மரியசூசை பார்த்தார். அவர் பார்க்காத முகம் அது. மேடையில் நின்று அவர் பார்த்ததெல்லாம் ஏசுகிற வாய்கள்தான்.

பேச்சு போய்விட்டது. ஒரு வார்த்தைகூட இல்லை. மாட்டுக்குச் சொல்லிச் சொல்லிப் படித்தது அத்தனையும் மேளத்தோடு போய்விட்டது.

கையில் செம்பு இருந்தது. எதிரே அடைக்கலசாமி கை நீட்டிக்கொண்டு நின்றான். ஒரு பக்கம் மகன் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு நின்றான். மரியசூசை மகனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் இரண்டு கையாலும் செம்பை முதலாளியிடம் நீட்டினார்.

அடைக்கலசாமி இதை எதிர்பார்க்கவில்லை. தரையில் கொட்டுவார் என்றுதான் அவன் காத்திருந்தான். செம்பு கைக்கு வந்துவிட்டது. ஊர்ப்பட்ட புழுக்கத்தில் ஜரிகைத் துண்டோடு நின்ற மனிதன், உண்மையிலேயே தாகம், மடக்மடக்கென்று குடித்துவிட்டான். கடைசிச் சொட்டு வரைக்கும்.

"தூ" என்றாள் முன்வரிசையில் இருந்த அழகம்மாள். ஆவூர் சந்தையில் கீரை விற்கிறவள். "குடுத்தவன் வாயி காஞ்சு நிக்கிது, பெத்த புள்ள பாத்துக்கிட்டு நிக்கிது, குடிக்கிறான் பாரு."

அவ்வளவுதான். பாஸ்கில் சேர்த்து வைத்த ஏச்சு எல்லாம் இராயப்பர்மேல் இறங்கியது. மண் பறந்தது. வேப்பங்கொட்டை பறந்தது. "நீ நல்லா இருப்பியா? ஒனக்கெல்லாம் சாவி ஒரு கேடா?" என்று எவனோ கத்தினான். அடைக்கலசாமி செம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். மரியசூசை குனிந்து செம்பை எடுத்தார். கயிற்றை மறுபடி மகன் கையில் கொடுத்தார். மறுபடி குழிக்குள் இறங்கினார். எழுதாத காட்சி அது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டாம் செம்போடு மேலே வந்து மகன் வாயில் ஊற்றினார். இந்தத் தடவை வீரய்யா டீச்சரையும் பார்க்கவில்லை, சாமியாரையும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே அடித்தார்.

நின்றுகொண்டிருந்த ஜனம் உட்காரவே இல்லை. மிச்ச நாடகத்தையும் நின்றபடியே பார்த்தது. ஞானமணி படுதாக் கயிற்றை விட்டுவிட்டு, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டுவிட்டது என்றார், வேட்டுப் புகை.

எல்லாம் முடிந்து, விளக்கு வைக்கிற நேரத்தில், சேவுகன் மேடைக்குப் பின்னால் வந்தார். மரியசூசை தொட்டியில் தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் நின்றாள். நேரில் கேட்காமல் விடமாட்டேன் என்று சொன்னதெல்லாம் மரியசூசைக்கு நினைவில் இருந்தது. ஆனால் முதலில் பேசியது எழுத்தாளர்தான்.

"எங்க அப்பா இவ்வளவு ஒசரம் இல்ல."

"ஒங்களைப் பாத்தாலே தெரியுது."

"இவ்வளவு பேசவும் மாட்டாரு."

"நானும்தான் கடைசியில பேசலையே."

சேவுகன் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் சரிங்க. அந்த மேளம் எங்கிட்டு இருந்து வந்துச்சு? நான் அதை எழுதவே இல்லையே. அன்னைக்கு எங்க கெணத்துல மேளமெல்லாம் அடிக்கல."

மரியசூசை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடிச்சிருக்கணும்ல?"

எழுத்தாளர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார். தலையை ஆட்டினார். பிறகு டீச்சரிடம், "இந்த மேளத்தை எழுதிச் சேத்துக்கங்க, டீச்சர். ரெண்டாவது செம்பையும் எழுதிக்கங்க" என்றார். டீச்சர் பென்சிலைத் தேடினாள்.

அப்பனைக் காட்டிக்கொடுத்தவன் நீதானே என்று கேட்க வைத்திருந்த கேள்வியை மரியசூசை கேட்கவில்லை. மன்னித்ததால் அல்ல. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

கோயில் தெருவில் நடக்கும்போது சந்தனமேரி அவருக்குப் பக்கத்தில் வந்தாள். எப்போதும் பத்தடி பின்னால்தான் வருவாள். தெரு நெடுக ஆட்கள் வழிவிட்டார்கள். "கெணத்துல தண்ணி இருக்கா, பெருசு?" என்று ஒருவன் கேட்டான். "ஒனக்கு ஒரு செம்பு உண்டு, போ" என்றார் இவர். பந்தியில் சிரித்தவன்தான் அவன். கணக்கில் இருந்து அவனை எடுத்துவிடலாமா என்று யோசித்தார். வேண்டாம், இருக்கட்டும்.

கடைத்தெரு முக்கில் அடைக்கலசாமி இவர்களுக்காக நின்றுகொண்டிருந்தான். தலையெல்லாம் மண். ஜரிகைத் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் பொடிசுகள் ஒரு கூட்டமாக வந்து, "தண்ணி கண்டாத்தான் தண்ணி" என்று கத்திவிட்டு ஓடின.

"அக்கா, பாத்தியா? இராயப்பரைப் பாத்து தூன்னு துப்புறாய்ங்க" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. "மச்சான், நீங்க கீழ கொட்டியிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா? எம்புட்டு ஏச்சு ஏசிட்டாய்ங்க."

"ஏசுனாய்ங்களா?" என்றார் மரியசூசை. "நல்லா ஏசுனாய்ங்களா?"

"என்ன மச்சான் இப்படிக் கேக்குறீங்க?"

"இல்ல மாப்ளே, ஏச்சு எம்மேல விழுகுறப்ப எனக்கு எப்பவும் சரியாத் தெரியாது. இன்னைக்குத்தான் தள்ளி நின்னு கேட்டேன்." அவன் தலையில் ஒட்டியிருந்த வேப்பங்கொட்டை ஒன்றை எடுத்துச் சுண்டிவிட்டார். "நல்லாத்தான் ஏசுறாய்ங்க நம்ம ஊருல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, மாட்டை அதட்டுகிற அதே குரலில்.